ஒரு கைப்பிடி துவரம்பருப்பு

எங்கள் வீட்டுச் சமையலறையில், உப்பு ஜாடிக்குப் பக்கத்தில், நீல அட்டை போட்ட குறிப்பேடு ஒன்று இருக்கிறது. அதன் முதல் பக்கத்தில் என் கையெழுத்தில் இப்படி எழுதியிருக்கும்: ‘துவரம்பருப்பு, அவள் கையால் ஒரு பிடி, ஏழு முறை நிறுத்ததில் 52 முதல் 55 கிராம்.’ அதே குறிப்பேட்டைத் தலைகீழாகத் திருப்பிப் பின்பக்கத்திலிருந்து பிரித்தால் என் மனைவியின் கையெழுத்தில் வேறொரு வரி இருக்கும்: ‘பென்ஷன் மாசக் கடைசி வேலை நாளில் பேங்கில் ஏறும். மார்ச் மாசத்துப் பணம் மட்டும் ஏப்ரலில் வரும், பயப்பட வேண்டாம்.’ முன்பக்கத்திலிருந்து நான் எழுதிக்கொண்டு வருகிறேன், பின்பக்கத்திலிருந்து அவள் எழுதிக்கொண்டு வருகிறாள். நடுவில் இன்னும் நிறைய வெற்றுப் பக்கங்கள் இருக்கின்றன.

எனக்கு வயது 76, அவளுக்கு 70. திருச்சியில் பொன்மலைப்பட்டிப் பக்கம் இரண்டு அறையும் ஒரு திண்ணையும் உள்ள வீட்டில் நாங்கள் இருவர் மட்டும் இருக்கிறோம். தென்னிந்திய இரயில்வே நிறுவனத்தின் பணிமனை நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்கு மாறி 1928-இல் இங்கே திறக்கப்பட்டபோது, அதோடு சேர்ந்து இடம்பெயர்ந்த நாகைக் குடும்பங்களில் என் தாத்தாவின் குடும்பமும் ஒன்று. தாத்தா, அப்பா, நான் என்று மூன்று தலைமுறையும் அந்தப் பணிமனையில்தான் சோறு கண்டோம். 1968-இல் அப்ரண்டிஸாக உள்ளே போன நான், நீராவி இன்ஜின்களில் கை பழகி, பிறகு டீசல் இன்ஜின்களுக்கு மாறி, 2009-இல் அறுபது வயது நிறைந்த மாதத்தின் கடைசி நாளில் மாலையும் கையுமாக வீட்டுக்கு வந்தேன். அதுவரை பணிமனைச் சங்குதான் எங்கள் வீட்டின் கடிகாரம். சங்குக்கு முன் இட்லி வேக வேண்டும், சங்குக்கு முன் அடுக்குச் சட்டி கட்டி முடிக்க வேண்டும், நான் சைக்கிளில் ஏறியாக வேண்டும். அந்தக் கடிகாரம் எனக்கு நின்றுபோனது, அவளுக்கு நிற்கவில்லை என்பதை நான் புரிந்துகொள்ள நெடுநாள் ஆயிற்று.

ஓய்வு பெற்ற முதல் ஆண்டில் அவளுக்கு நான் உதவியாக இருப்பதாக எண்ணிக்கொண்டு செய்தவை பலவும் அவளுக்குப் பாரமாகத்தான் இருந்தன. ஒரு நாள் அவள் கடைக்குப் போயிருந்த நேரத்தில், பணிமனையில் கருவிகளை அளவுவாரியாக அடுக்குவதுபோல அஞ்சறைப் பெட்டி முதற்கொண்டு அலமாரி முழுவதையும் மாற்றி அடுக்கிவைத்தேன். அவள் வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் காலை, எண்ணெய் காய்ந்து புகையும்போது கடுகு எங்கே இருக்கிறதென்று தெரியாமல் அவள் கை காற்றில் நின்ற அந்த ஒரு கணத்தை நான் பார்த்தேன். முப்பது ஆண்டுகள் கண்ணை மூடிக்கொண்டு எடுத்த இடத்தை அவளிடமிருந்து நான் எடுத்துக்கொண்டுவிட்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது. அன்று மாலையே இருவருமாக எல்லாவற்றையும் பழைய இடத்தில் வைத்தோம். எது எந்த இடம் என்று அவள் சொல்லச் சொல்ல நான் வைத்தேன். அவள் வேலையை அவளிடமிருந்து கேட்டு நான் செய்தது அதுதான் முதல் முறை.

குறிப்பேடு வந்தது அதற்கு வெகுகாலத்திற்குப் பிறகு. என்னோடு ஒரே ஷாப்பில், அதாவது பணிமனையின் ஒரே பிரிவில், முப்பது ஆண்டுகள் வேலை செய்த நண்பர் ஒருவர் திடீரென்று காலமானார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுவாரம் அவருடைய மனைவி ஒரு மஞ்சள் பையைத் தூக்கிக்கொண்டு எங்கள் திண்ணைக்கு வந்தார். பை நிறையக் காகிதங்கள். எது வேண்டும், எது வேண்டாம் என்று அவருக்குத் தெரியவில்லை. ஓய்வூதிய ஆணையில், நாங்கள் பி.பி.ஓ. என்று சொல்லும் அந்தத் தாளில், அவருடைய பெயர் தந்தை பெயரின் முதலெழுத்தோடு இருந்தது. ஆதார் அட்டையில் கணவரின் பெயரோடு சேர்த்து இருந்தது. இரண்டு பெயரும் ஒருவர்தான் என்று மெய்ப்பித்துக் குடும்ப ஓய்வூதியம் அவர் கைக்கு வந்து சேர எட்டு மாதங்கள் ஆயின. அந்த எட்டு மாதமும் அவர் தம் மகனிடம் கை நீட்டும்போதெல்லாம் எப்படிக் குறுகிப்போனார் என்பதை என் மனைவி அருகிலிருந்து பார்த்தாள். அதே ஆண்டில் இன்னொரு நண்பரின் மனைவி போய்ச் சேர்ந்தார். ஷாப்பில் எந்த இன்ஜினின் கோளாறையும் சத்தத்தை வைத்தே சொல்லிவிடும் அந்த மனிதர், அரிசிக்கு எவ்வளவு தண்ணீர் வைப்பதென்று தெரியாமல், இரண்டு வேளையும் மெஸ்ஸிலிருந்து சாப்பாடு எடுத்துக்கொண்டு போவதைத் தெருவில் பார்ப்பேன். இந்த இரண்டையும் பார்த்தபின் ஓர் இரவு அவள்தான் பேச்சை எடுத்தாள். “ஏங்க, நம்ம ரெண்டு பேர்ல யாரு முன்னாடின்னு நமக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரிஞ்சதை எனக்குச் சொல்லிக்குடுங்க, எனக்குத் தெரிஞ்சதை நான் சொல்லிக்குடுக்கிறேன்” என்றாள். மறுநாள் நான் போய் அந்த நீல அட்டைக் குறிப்பேட்டை வாங்கி வந்தேன்.

என் பாடம் எளிதாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். தாள்களை விரித்துவைத்து, ஒவ்வொன்றும் என்ன என்று சொன்னால் முடிந்தது என்பது என் எண்ணம். முதலில் பெயர்களைச் சரிபார்த்தோம். ஆதார், வங்கிப் புத்தகம், பி.பி.ஓ. மூன்றிலும் அவள் பெயர் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்று பார்த்து, ஒரு திருத்தம் தேவைப்பட, அதைச் செய்து முடித்தோம். என் ஓய்வூதியம் வரும் கணக்கில் அவளும் கூட்டுக் கணக்குதாரர். ஆணையில் மனைவியாகப் பெயர் உள்ளவரோடு சேர்ந்த கணக்கு என்பதால், நான் போன பிறகு அவள் புதிதாகக் கணக்கு தொடங்க வேண்டியதில்லை, என் இறப்புச் சான்றிதழைக் கொடுத்தால் அதே கணக்கில் குடும்ப ஓய்வூதியம் தொடரும். இதைச் சொல்லும்போது ‘நான் போன பிறகு’ என்ற சொற்கள் வந்த இடத்தில் அவள் எழுதுவதை நிறுத்தினாள். நான் காத்திருந்தேன். பிறகு அவள் ‘இறப்புச் சான்றிதழ், பத்துப் பிரதி’ என்று மட்டும் எழுதினாள்.

அடுத்த நாள் தொகையைச் சொன்னேன். நான் கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தில் 50 சதவீதம் எனக்கு ஓய்வூதியம். பணி முடிந்து ஏழு ஆண்டுகளுக்குள், அதாவது எனக்கு 67 வயது ஆகும் முன் நான் இறந்திருந்தால், 67-ஐ எட்டியிருக்கும் நாள் வரை அவளுக்கும் அதே 50 சதவீதம் கிடைத்திருக்கும். அந்த வயதைத் தாண்டிவிட்டதால் இனி அவளுக்கு 30 சதவீதம், அதற்குரிய அகவிலைப்படி தனியாக. அவள் தலையை ஆட்டிக்கொண்டு வெகுநேரம் கணக்குப் போட்டாள். பிறகு, “நீங்க இல்லாட்டி அரிசி பாதியாகும், காப்பிப் பொடி பாதியாகும். கரண்டும் கேஸும் வீட்டு வரியும் பாதியாகுமா?” என்று கேட்டாள். முப்பது ஆண்டுகள் சம்பளத்தைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தவன் நான். அந்தக் கேள்வி எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. அன்றிலிருந்து மாதாமாதம் 50-க்கும் 30-க்கும் இடையிலுள்ள தொகையில் ஒரு சிறு பங்கை அவள் பெயரில் தனியாகப் போட்டு வருகிறோம்.

ஒரே ஒரு இடத்தில்தான் அவள் பாடத்தைக் கேட்க மறுத்தாள். ஓய்வு பெற்றவர்க்கு இரயில்வே தரும் இலவசப் பயணப் பாஸ்கள், அவர் காலத்திற்குப் பின் மனைவிக்குப் பாதி எண்ணிக்கையில் கிடைக்கும். அதற்கு அலுவலகத்தில் வழங்கும் பெயர் ‘விதவை பாஸ்’. அந்தச் சொல்லை நான் சொன்னதும் அவள் பேனாவை மூடிவைத்தாள். “அது எனக்கு வேணாம். நான் டிக்கெட் எடுத்துப் போறேன்” என்றாள். உரிமையுள்ள ஒன்றை இப்படி ஒரு பெயரிட்டு நீட்டுவது சரியா என்று அன்று முதல்முறையாக நான் யோசித்தேன். அத்தனை ஆண்டுகள் அந்தப் பெயர் அச்சிட்ட படிவங்களைப் பார்த்தும் எனக்கு ஒன்றும் தோன்றாமல் இருந்திருக்கிறது. அந்தப் பக்கத்தில் இன்றும் பாதி வரிதான் இருக்கிறது. இரயில்வே மருத்துவமனைக்கான உமீத் அட்டையைப் பற்றி மட்டும் முழுதாக எழுதிக்கொண்டாள், அது தன் பெயரிலேயே இருப்பதால்.

அவளுடைய பாடங்கள் எனக்குக் கடினமாக இருந்தன. அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு பிசகினாலும் பேரிங் சூடேறிவிடும் என்று பழகிய கை இது. அளவு சொல்லாமல் ஒரு வேலையைச் சொல்லிக்கொடுக்க முடியும் என்பதையே என்னால் ஏற்க இயலவில்லை. “பருப்பு ஒரு பிடி போடுங்க” என்பாள். ஒரு பிடி என்றால் எவ்வளவு என்று கேட்டால் கையை விரித்துக் காட்டுவாள். கடைசியில் நான் தராசைக் கொண்டுவந்து வைத்தேன். அவள் டப்பாவைப் பார்க்காமலே கைவிட்டு அள்ளினாள், நான் நிறுத்தேன், மறுபடி கொட்டினேன், மறுபடி அள்ளினாள். ஏழு முறை. 52-க்குக் கீழே போகவில்லை, 55-க்கு மேலே ஏறவில்லை. மூன்று கிராம் இடைவெளி. பணிமனையில் இப்படி ஒரு கை உள்ளவரை நாங்கள் மேஸ்திரி என்று வணங்கியிருப்போம். என் கையால் அள்ளினால் 70 கிராம் வருகிறது, ஆகவே நான் விரல்களை முழுதாக விரிக்காமல் அள்ள வேண்டும் என்று குறித்துவைத்தேன்.

பிள்ளைகள் வீட்டில் இருந்தபோது இரண்டு பிடி போட்டாளாம். மகள் கல்யாணமாகிக் கோவைக்கும் மகன் வேலை கிடைத்துப் பெங்களூருக்கும் போனபின் ஒரு பிடியாயிற்றாம். அன்று இதைச் சொல்லிவிட்டுச் சற்றுப் பொறுத்து, “ஒரு ஆளுக்குன்னா அரைப் பிடி போதும்” என்றாள். அந்த வரியை நான் இன்னும் எழுதவில்லை.

ரசம் எனக்குக் கைவந்துவிட்டது. புளித்தண்ணீரின் பச்சை வாசனை போகும்வரை கொதிக்கவிட்டு, பருப்புத் தண்ணீர் ஊற்றிய பிறகு கொதிக்கவே விடக்கூடாது, ஓரத்தில் நுரை கூடி நடுவுக்கு வரும்போது இறக்கிவிட வேண்டும். இன்ஜினில் அழுத்தமானியைப் பார்ப்பதுபோல அந்த நுரையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். இட்லி மாவு இன்னும் வசப்படவில்லை. நாலு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, ஒரு சிட்டிகை வெந்தயம் என்பதுவரை சரிதான். திருச்சியின் சித்திரை வெயிலில் மாலையில் கரைத்த மாவு பொழுது விடியுமுன்பே பொங்கி வழிந்து புளித்துவிடுகிறது, மார்கழியில் விடிந்தும் எழும்ப மாட்டேன் என்கிறது. “மாவுகிட்ட மோந்து பாருங்க, அது சொல்லும்” என்கிறாள். வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்த்து வாங்கவும், முருங்கைக்காயை முறுக்கிப் பார்த்து வாங்கவும் பொன்மலைச் சந்தையில் கூட்டிப் போய்க் காட்டினாள். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நான் மட்டும் பையோடு போகிறேன். வந்ததும் அவள் பையைக் கவிழ்த்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பாள். ஒன்றும் சொல்லாமல் உள்ளே எடுத்துப் போனால் நான் தேறிவிட்டேன் என்று பொருள்.

இவையெல்லாம் ஒரு நாளில் ஒரு மணி நேரம் மட்டுந்தான். மிச்ச நேரத்தில் எங்கள் வீட்டில் பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை, அந்த ஒன்றும் நடக்காத நேரம்தான் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஐந்து மணிக்கு அவள் எழுந்து வாசல் தெளிப்பாள். முன்பெல்லாம் குனிந்து நெளிக்கோலம் போட்டவள், முழங்கால் வலி வந்தபின் சிறிய நாலு புள்ளிக் கோலத்தோடு நிறுத்திக்கொள்கிறாள், வாளியை நான் தூக்கி வைக்கிறேன். ஆவின் நீலப் பாக்கெட் வந்ததும் நான் பால் காய்ச்சுவேன், டிகாக்‌ஷனை அவள்தான் இறக்க வேண்டும், அதில் எனக்கு இன்னும் அனுமதி இல்லை. திருச்சி வானொலி நிலையம் 1939-இல் தொடங்கியது, என் வயதைவிடப் பத்து வயது மூத்தது. அது எங்கள் சமையலறை ஜன்னலில் காலை முழுவதும் மெல்லப் பேசிக்கொண்டிருக்கும். செய்தித்தாளைப் பிரித்து, நடுத்தாளை அவளிடம் கொடுத்துவிட்டு மேல்தாளை நான் வைத்துக்கொள்வேன். மாத்திரைகள் ஏழு நாள் அறை போட்ட பெட்டியில் இருக்கின்றன. என் அறைகளை அவள் நிரப்புவாள், அவளுடையதை நான் நிரப்புவேன். தன்னுடையதைத் தானே எடுத்தால் போட்டோமா இல்லையா என்று மறந்துபோகிறது, மற்றவருடையதை மறப்பதில்லை.

பதினொரு மணிக்கு மேல் அவள் தையல் இயந்திரத்தில் உட்காருவாள். நான் வேலையில் இருந்த காலத்திலிருந்தே அக்கம்பக்கத்துக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்தவள், இப்போது ஓரம் அடிப்பதும் கொக்கி வைப்பதும் மட்டும் செய்கிறாள். ஊசியில் நூல் கோப்பது என் வேலை. வெயில் ஏறிய பிறகு இருவரும் சிவப்புச் சிமெண்டுத் தரையில் தலையணை மட்டும் போட்டுப் படுத்துக்கொள்வோம். விசிறிச் சத்தத்தில் அவள் ஏதோ ஒன்றைத் தொடங்குவாள், யாரோ ஒரு பெரியம்மா வீட்டுக் கல்யாணத்தில் நடந்த கதையாக இருக்கும், பாதியில் உறங்கிப்போவாள். மறுநாள் அதே இடத்திலிருந்து தொடர்வாள். மின்மீட்டரில் யூனிட்டைப் பார்த்து நாட்காட்டியில் குறித்துவைப்பது என் மாலை வேலைகளில் ஒன்று. இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறிவிடும் என்பதால் கோடையில் கவனமாக இருக்கிறோம், இருந்தும் அவள் உறங்கும்போது விசிறியைக் குறைக்க எனக்கு மனம் வருவதில்லை. இரவு அவள் தொடர் பார்க்கும்போது நான் திண்ணையில் இருப்பேன். முடிந்ததும் விளக்கை அணைத்துவிட்டு அவளும் வந்து உட்காருவாள். பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை முகம் காட்டிப் பேசுவார்கள். அங்கே வந்து இருங்கள் என்று இருவரும் கூப்பிடுகிறார்கள், போய்ப் பத்து நாள் இருந்துவிட்டு வந்துவிடுவோம்.

ஓய்வு பெற்றபோது என் ஓய்வூதியத்தில் 40 சதவீதத்தை விட்டுக்கொடுத்துக் கம்யூட்டேஷன் பணமாக மொத்தமாக வாங்கி, அதில்தான் மகளின் கல்யாணக் கடனை அடைத்தோம். பதினைந்து ஆண்டுகள் கழித்து, 2024-இல் அந்த 40 சதவீதம் திரும்ப வந்து முழு ஓய்வூதியம் கைக்கு வந்தது. இத்தனை ஆண்டு சிக்கனமாக இருந்தோமே, உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். ஒரு நகையையோ பட்டுப் புடவையையோ சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். குளியலறைச் சுவரில் இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ள எஃகுக் கம்பி வைக்கச் சொன்னாள். ஒன்று அவள் உயரத்துக்கு, ஒன்று என் உயரத்துக்கு. சுவரைத் துளைத்து நானே பொருத்தினேன், பிடித்துத் தொங்கிப் பார்த்தேன், அசையவில்லை.

ஒவ்வொரு நவம்பரிலும் நாங்கள் உயிரோடு இருக்கிறோம் என்று சான்று தர வேண்டும். முன்பு வங்கிக்கு நேரில் போய்க் கையெழுத்துப் போட்டேன். 2014-இல் விரல்ரேகை வைக்கும் மின்னணு முறை வந்தது. நாற்பது ஆண்டுகள் அரத்திலும் எண்ணெயிலும் தேய்ந்த என் விரல்களை அந்தக் கருவி ஏற்கவில்லை. பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தும் சிவப்பு விளக்குதான் எரிந்தது, பின்னால் வரிசையில் நின்றவர்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 2021-இல் முகத்தைக் காட்டினால் போதும் என்று ஆனபின் கைப்பேசியிலேயே முடிகிறது. முதலில் மகன் வந்தபோது செய்து கொடுத்தான். இந்த நவம்பரில், குறிப்பேட்டின் பின்பக்கத்தைப் பார்த்து அவளே செய்கிறேன் என்றாள். திண்ணையில் வெளிச்சம் படும்படி என்னை உட்காரவைத்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றச் சொல்லி, கைப்பேசியை என் முகத்துக்கு நேரே பிடித்தாள். அவள் கை லேசாக நடுங்கியது. திரையில் என் முகத்தைச் சுற்றி ஒரு வட்டம். “கண்ணைச் சிமிட்டுங்க” என்றாள். சிமிட்டினேன். “இன்னொரு தடவை.” மறுபடி சிமிட்டினேன். சற்று நேரத்தில் ஏற்றுக்கொண்டதாகச் செய்தி வந்தது. அந்தச் செய்தியை இரண்டு முறை வாய்விட்டுப் படித்தாள், தேதியைக் குறிப்பேட்டில் எழுதினாள், பிறகு கைப்பேசியை என் மடியில் வைத்துவிட்டு எழுந்து, “உளுந்து ஊறப் போட்டீங்களா?” என்று கேட்டாள்.